நாலு சிவப்பு ஸ்குரூ

வேலூர்
16.6.2002

அன்புத் தங்கை அமலாவுக்கு,

அக்கா ராஜி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா? மழையில் லோக்கல் வண்டிக் கதவருகே நின்று போகாதே என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ?

வைஷு பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. அவள் தலைமையாசிரியை அபயாம்பாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணை எங்க சேர்க்கப் போறீங்க?" என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். தங்கை பூனாவில் யுனிவர்சிட்டியில் லெக்சரர் என்று சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தலை நிமிர்ந்தது. உன் யுனிவர்சிட்டியைப் பற்றி வாசல் கேட்டிலிருந்து ஆரம்பித்து விவரமாக எழுது. டீச்சருக்கும் தெரிந்துகொள்ள ஆசையாம். பள்ளிக்கூட முகவரிக்கே எழுதினாலும் டீச்சர் வாங்கி வைப்பார்.

வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் உன் மாமாவின் மண்டிக்குத்தான் போகின்றன. அவர் அங்கேயே பிரித்துப் படித்துவிட்டு மாலையில் கொண்டுவந்து தருகிறார். எனக்குப் பிரிக்கிற சிரமம் மிச்சம்.

உனக்கு பர்மனென்ட் ஆர்டர் எப்போது வரும்? வந்தால் கேம்பஸிலேயே குவார்ட்டர்ஸ் கொடுப்பார்களாமே. எத்தனை அறை? தண்ணீர் எப்படி? மறக்காமல் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. வடாபாவ் சாப்பாடு ஆகாது.

உன் அக்கா,
ராஜி


கட்கி, புணே
7.7.2002

என் அருமை அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, மழை போகவில்லை. நீ, மாமா, வைஷு எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மாமா, நீங்கள்தான் முதலில் படிப்பீர்களாமே, உங்களுக்கும் வணக்கம்.

யுனிவர்சிட்டியைப் பற்றிக் கேட்டாய். கட்கியில் லோக்கல் ஏறி ஆகுர்டியில் இறங்கி, நிக்டி தாண்டிப் போகிற பஸ் பிடித்தால், கருங்கல்லில் ஒரு பெரிய வாசல் வரும். 'பவனா பல்கலைக்கழகம்' என்று மராத்தியில் எழுதியிருக்கும். அதில் ஒரு எழுத்து விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. உள்ளே மேடு முழுக்க குல்மொஹர் மரம், மரத்துக்கு ஒரு காதல் ஜோடி. முப்பத்திரண்டு துறை. நாலு மாவட்டத்தில் நூற்றுக்கு மேல் கல்லூரிகள் எங்களுக்குக் கீழே. பரீட்சைத்தாள் கட்டு கட்டாக லாரியில் வந்து இறங்கும்.

என் வேதியியல் துறை மேட்டின் அந்தக் கோடியில். எங்கள் துறையின் பெருமை ஒரு மரப்பெட்டி. தண்ணீரில் ஈயம், பாதரசம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் ஜெர்மன் கருவி அதற்குள் இருக்கிறது. தொண்ணூற்றெட்டில் வந்தது. அதற்கு வேண்டிய கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் வரவில்லை, அதனால் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மேல்தான் டீ வைக்கிறோம், பிறந்தநாள் கேக் வெட்டுகிறோம். நான் பவனா ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் பிடித்து வந்து, மும்பைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் மேலேயே பாட்டில்களை வைத்து லேபிள் ஒட்டும்போது எனக்கு வருகிற கோபத்தில் கருவி தானாக ஓட வேண்டும்.

ஆர்டரா? எட்டு வருஷமாக நான் தற்காலிகம். ஏப்ரல் முடிவில் வீட்டுக்கு அனுப்புவார்கள், ஜூன் நடுவில் புதிதாகச் சேர்ப்பார்கள். தொடர்ச்சியாக வேலை செய்தால் உரிமை கேட்பேனாம். ஒவ்வொரு ஜூனிலும் "வெல்கம் மேடம்" என்று ராகவேந்திரா சார் கை கொடுக்கிறார். அவர்தான் துறைத்தலைவர். ஆனால் இந்த வருஷம் கதை வேறு. ஜனவரியில் தரம் பார்க்க டெல்லியிலிருந்து கமிட்டி வருகிறது. அதற்குள் சிலரை நிரந்தரமாக்க வேண்டுமாம். 'நம் பல்கலைக்கழகம்: ஒரு பார்வை' என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். எழுதுகிற வேலை என் தலையில்.

குவார்ட்டர்ஸ் இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி காயப்போட இடம். தண்ணீர் காலையில் வரும். எனக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு? இந்த ஒற்றை அறையே பெருக்க முடியவில்லை.

வைஷுவின் கணக்குக்கு என் முத்தம்.

அமலா


வேலூர்
25.8.2002

அமலாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை உன் மாமா படித்து, பெட்டி கதை வந்ததும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குவார்ட்டர்ஸ் எந்த மாடி? கேட்டில் வாட்ச்மேன் உண்டா? கேம்பஸிலேயே பதினொன்றாம் வகுப்பு இருக்கிறதாக எப்போதோ சொன்னாயே, வேலை செய்பவர்களின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு இடம் தருவார்களா? சேர்க்கும்போது யார் கையெழுத்து கேட்பார்கள்? அம்மா கையெழுத்து போதுமா? டீச்சர் கேட்கச் சொன்னார்.

உன் மாமாவின் அக்கா மகன் கிருஷ்ணா வந்திருந்தான். சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுகிறான். வயது இருபத்தாறு. வைஷுவுக்குப் பட்டுப்பாவாடை வாங்கி வந்தான். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை.

அமலா, உன் சுபாவம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தபோது, "இந்த மேப் நேத்துதான் சார் மாட்டினாங்க" என்று சொன்னவள் நீ. கமிட்டி வரும்போது வாயைத் திறக்க மாட்டேன் என்று அப்பா மேல் சத்தியம் செய்து எழுது. எழுதினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ராஜி


கட்கி
20.9.2002

அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ குவார்ட்டர்ஸ் நலமா என்றுதான் கேட்பாய்!

முதல் மாடி கிடைக்கும். வாட்ச்மேன் உண்டு, பெரிய மீசை. பதினொன்றாம் வகுப்பில் இடம் கேட்டால் கிடைக்கும். கையெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன, மாமா போட மாட்டாரா? நீ பேசாமல் டீச்சரையும் கூட்டிக்கொண்டு இங்கேயே குடித்தனம் வந்துவிடு.

புத்தகச் சண்டை கேள். என் முதல் வரி: 'கரும்பு வெட்டுகிறவர்களும் பஸ் கண்டக்டர்களும் தங்கள் பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கிய இடம் இது.' ராகவேந்திரா சார் அடித்துவிட்டு, 'உலகத்தரம் வாய்ந்த ஆய்வு மையம்' என்று எழுதினார். துறையில் ஒன்பது இடத்தில் நிரந்தரமாக இருப்பவர் மூன்று பேர் என்று எழுதினேன். 'ஒன்பது பேராசிரியர்கள்' என்று திருத்தினார். பெட்டியை டிசம்பரில் திறந்து மேஜை மேல் வைக்கப் போகிறார்கள். அதனால் 'முழு அளவில் இயங்கும் நவீன கருவி' என்றும் ஒரு வரி.

"சார், இது இயங்கவில்லையே" என்றேன்.

"இயங்கும்தானே மேடம், ஒருநாள்?" என்றார்.

அப்புறம் மெதுவாக, "உங்க ஆர்டர் டைப் ஆகி என் டிராயரில் இருக்கு. கமிட்டி போனதும் கையெழுத்து" என்றார்.

எனக்கு இந்த இடத்தின் மேல் எவ்வளவு பிரியம் என்று அவருக்குப் புரிவதில்லை. ஸதாராவிலிருந்து ஒரு பெண் வருகிறாள். வீட்டில் அவளுக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் வருஷம் கண்ணாடிக் குழாயைத் தொடவே பயந்தாள். இப்போது எனக்கே தப்பு சொல்லித் திருத்துகிறாள். இதைப் புத்தகத்தில் போட்டால் மதிப்புக் குறைந்துவிடுமாம். இந்த யுனிவர்சிட்டி என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா?

சரி சரி. அப்பா மேல் சத்தியம். வாயைத் திறக்க மாட்டேன். தூங்கு.

அமலா


வேலூர்
22.12.2002

அமலாவுக்கு அக்காவின் ஆசிகள்.

நலம். தாமதத்துக்குக் காரணம் வீட்டில் விசேஷ வேலைகள். வைஷுவைக் கிருஷ்ணாவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் நிச்சயதார்த்தம், மே மாதம் கல்யாணம். உன் மாமாவுக்குப் பரம சந்தோஷம். சொந்தத்திலேயே அமைந்துவிட்டது பார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். உனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆர்டர் பிப்ரவரியிலேயே வந்துவிடுமா? வந்தால் ஏப்ரலுக்குள் குவார்ட்டர்ஸ் சாவி கையில் கிடைக்குமா? நீ சௌகரியமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வைஷு நன்றாகப் படிக்கிறாள். முன்னைவிட அதிகமாகப் படிக்கிறாள். பேசுவதுதான் குறைந்துவிட்டது.

ராஜி


கட்கி
5.1.2003

பெறுநர்: திருமதி ராஜி, மே/பா. தலைமையாசிரியை அபயாம்பாள், வேலூர்

அக்கா,

டீச்சருக்கு என் நமஸ்காரம். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நான் ஒரு மக்கு. உன் கடிதங்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். குவார்ட்டர்ஸ், வாட்ச்மேன், பதினொன்றாம் வகுப்பு, அம்மா கையெழுத்து. முதல் கடிதத்திலேயே பள்ளிக்கூட முகவரியைச் சொல்லிவிட்டாய். நான் கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்! அவளுக்குப் பதினைந்து வயதுதான் அக்கா. உன் புருஷனுக்குக் கண் இருக்கிறதா இல்லையா? 'எனக்கும் சந்தோஷம்' என்று நீ எழுதியதைப் படித்து அப்படி அழுதேன்.

வைஷுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கமிட்டி இருபத்தொன்றாம் தேதி வருகிறது. ஆர்டர் பிப்ரவரியில் வந்துவிடும். மீசை வாட்ச்மேனைத் தாண்டி யார் உள்ளே வருகிறார்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பெட்டியைத் திறந்தார்கள். கப்பலில் வரும்போது கருவியின் உள்பாகம் ஆடாமல் இருக்க நாலு சிவப்பு ஸ்குரூ போட்டு முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைக் கழற்றினால்தான் கருவி ஓடும். விவரம் தெரிந்தவர் பார்த்தால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ராகவேந்திரா சாருக்குத் தெரியாது. எனக்கும் என்னைப் போலவே தற்காலிகமாக இருக்கும் முகமது இஸ்மாயிலுக்கும்தான் தெரியும். நான் வேண்டுமென்றே கழற்றவில்லை. இஸ்மாயில் கண்டும் காணாமல் போய்விட்டார். வாயைத்தானே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்!

இப்போது அந்த விளையாட்டு வேண்டாம். நாளைக்கே நானே கழற்றிவிடுகிறேன். உனக்காகவும் வைஷுவுக்காகவும் எவ்வளவு பெரிய பொய்க்கும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

தைரியமாக இரு.

அமலா


வேலூர், டீச்சர் அறையிலிருந்து
13.1.2003

என் தங்கமே,

யாரும் பிரிக்காத கடிதம் வந்து எவ்வளவு காலம் ஆயிற்று! டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, நான் படிக்கட்டும் என்று வெளியே போய் நின்றார். நலமாக இருக்கிறேன். இன்றைக்கு உண்மையாகவே.

உன் மாமா கெட்டவர் என்று நினைக்காதே என்று எழுத வந்தேன். பேனா வரவில்லை. "பொட்டப் புள்ள படிச்சி இன்னா பண்ணப் போறா, உன் தங்கச்சி மாதிரி கல்யாணம் இல்லாம சுத்தவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக நான் எதற்குமே பதில் சொன்னதில்லை, தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் கட்கி பஜாரில் காய்கறிக்காரியோடு மராத்தியில் சண்டை போட்ட ராஜி எங்கே போனாள் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு இருப்பது ஒரே கதவு. அது உன் குவார்ட்டர்ஸ் கதவு. உன் ஒற்றை அறைக்கு வந்தால் அவர் வந்து வாசலில் நின்று கத்துவார், வீட்டுக்காரர் உன்னையும் காலி செய்யச் சொல்வார். அரசாங்க வேலை, அரசாங்க வீடு என்றால் கொஞ்சம் பயப்படுவார். அதனால்தான் மாடி முதல் மீசை வரை கேட்டேன்.

இருபத்தொன்றாம் தேதி ஒருநாள் மட்டும் பொறுத்துக்கொள். அப்புறம் நீ யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடு, நானும் கூட வருகிறேன்.

உன் அக்கா


கட்கி
9.2.2003

அன்பு அக்காவுக்கு,

நலம். நீயும் வைஷுவும் நலமா? டீச்சருக்கு என் வணக்கம்.

இங்கே குளிர் குறைந்துவிட்டது. லைப்ரரியைப் பற்றி உனக்கு எழுதியதே இல்லையே. மூன்று மாடி. நடு மாடியில் ஜன்னலோரம் இடம் பிடிக்கப் பிள்ளைகள் காலையிலேயே கைக்குட்டை போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியான நேரத்தில் பாதிப் பேர் புத்தகத்தின் மேலேயே தூக்கம். லைப்ரேரியன் யாரையும் எழுப்ப மாட்டார். "ஊரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாங்க" என்பார்.

பட்டமளிப்பு விழாவும் நடந்தது. ஸதாராப் பெண்ணுக்குப் போன வருஷம் முடித்த பட்டத்தில் முதல் வகுப்பு. அவள் அப்பா சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து, எல்லாத் துறை வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எங்கள் லேபிலும் அப்படித்தான். கண்ணாடித் துண்டு கிடக்கும், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. சங்கராந்திக்கு வந்த எள்ளுருண்டை இன்னும் டப்பாவில் இருக்கிறது. வைஷு இருந்தால் ஒருநாளில் காலி செய்வாள்.

வைஷுவைப் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல். கணக்கில் கடைசிப் பக்கம் வரை சரிபார்க்கச் சொல்.

வேறு விசேஷம் இல்லை.

அமலா


வேலூர்
2.3.2003

அமலா,

நலம், நலம், எல்லாம் நலம்.

கடிதம் முழுக்க லைப்ரரி, தலைப்பாகை, எள்ளுருண்டை. கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆர்டர் பற்றி இல்லை. சின்ன வயதில் தப்பு செய்துவிட்டால் வாசற்படியில் உட்கார்ந்து பாட்டு முனகுவாய். அந்தப் பாட்டுதான் இந்தக் கடிதம்.

இருபத்து நாலாம் தேதி பரீட்சை ஆரம்பம். கிருஷ்ணா வீட்டில் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பைகளில் துணி எடுத்து வைத்து டீச்சர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். நீ சொல்லாவிட்டால் நான் எந்த நம்பிக்கையில் ரயில் ஏறுவது?

என்ன செய்தாய்?

ராஜி


கட்கி
13.3.2003

அக்கா,

நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சொன்னபடி ஸ்குரூவைக் கழற்றினேன். நாலையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கமிட்டி வந்தது. அன்றைக்கு மட்டும் வாடகைக்கு வந்த பூந்தொட்டிகள், வேறு துறையிலிருந்து இரவல் வந்த நாற்காலிகள். நான் புதுக் காட்டன் புடவையில் கருவிக்குப் பக்கத்தில் நின்றேன். கமிட்டியில் குட்டை முடியோடு ஒரு அம்மாள், வேதியியல்காரர். "இதில் என்ன செய்கிறீர்கள்?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ராகவேந்திரா சார் முந்திக்கொண்டார்.

"மூணு வருஷமா பவனா ஆற்றுத் தண்ணீரை இதில்தான் சோதிக்கிறோம். தண்ணீர் சுத்தம். ஒரு குறையும் இல்லை. முனிசிபாலிட்டிக்கே ரிப்போர்ட் கொடுத்திருக்கோம்" என்றார்.

அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன் அக்கா. கருவி ஓடுகிறது என்று சொல்லட்டும், ஒன்பது பேராசிரியர் என்று சொல்லட்டும், நான் பர்மனென்ட் என்றுகூடச் சொல்லட்டும். தண்ணீர் சுத்தமாம்! ஃபாக்டரிகளுக்குக் கீழே இருக்கிற ஊர்களில் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பாட்டிலில் பிடிக்கும்போது ஒரு பெண் என்னிடம், "அம்மா, குடிக்கலாமா கூடாதா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டாள். மும்பையிலிருந்து ரிப்போர்ட் வராமல் அவளுக்கு அன்றுவரை நான் பதில் சொல்லவில்லை. இவர் சொல்லிவிட்டார்.

உன்னை நினைத்தேன். வைஷுவை நினைத்தேன். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதே, நிஜமாகவே நினைத்தேன். அப்பா மேல் செய்த சத்தியத்தையும் நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. கைப்பையைத் திறந்து, நாலு சிவப்பு ஸ்குரூவையும் அந்த அம்மாள் முன்னால் மேஜையில் வைத்தேன்.

ஒன்றை எடுத்துப் பார்த்தார். அப்புறம் கருவியைப் பார்த்தார், பிளக் பாயின்ட்டே இல்லாத சுவரைப் பார்த்தார். "எப்போது கழற்றினீர்கள்?" என்று கேட்டார். நான் காலண்டரில் அதே மாதம் ஆறாம் தேதியைக் காட்டினேன். பின்வரிசையில் ஸதாராப் பெண் மட்டும் கை தட்டினாள், பைத்தியக்காரி. அந்த அம்மாள் மூன்றை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் ராகவேந்திரா சார் டிராயரைத் திறந்து என் ஆர்டரை எடுத்து என் எதிரிலேயே கிழித்தார். ஏப்ரலோடு சரி, ஜூனில் வெல்கம் கிடையாது. கமிட்டி ரிப்போர்ட் வந்தது, ஒரே வாரத்தில் கரண்ட் கனெக்‌ஷன் வந்துவிட்டது! இப்போது நானும் இஸ்மாயிலும் அந்தக் கருவியை ஓட்டுகிறோம். தண்ணீரில் ஈயம் இருக்கிறது. அந்த ஊருக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன், குடிக்காதே என்று. இப்போது அங்கே டேங்கரில் தண்ணீர் வருகிறது.

குவார்ட்டர்ஸ் இல்லை அக்கா. உனக்கு இருந்த ஒரே கதவை நான்தான் மூடினேன். மன்னித்துவிடு என்று எழுத முடியவில்லை. நாளைக்கே திரும்ப அப்படி நிற்க வைத்தாலும் அதைத்தான் செய்வேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுது.

அமலா


வேலூர், டீச்சர் வீடு
16.4.2003

அன்புள்ள அமலாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மூன்றாவது ஆளின் நலம் பற்றி எனக்குத் தெரியாது.

உன் கடிதம் வந்த அன்று உன்னை நான் திட்டிய திட்டு பூனாவுக்கே கேட்டிருக்கும். யாரோ ஊர்க்காரிக்குத் தண்ணீர், என் பெண்ணுக்கு ஒன்றுமில்லையா என்று டீச்சர் முன்னால் அழுதேன். பதில் எழுதக் கூடாது என்று முடிவு செய்தேன். கோபம் ஆறவே இல்லை. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, வந்து நேரில் திட்டுகிறேன்.

கடிதத்தை டீச்சர் மேஜையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கப் போன வைஷு படித்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்தது. ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

கூடம் நிறைய ஜனம். கிருஷ்ணா வீட்டுத் தட்டு, எங்கள் வீட்டுத் தட்டு. பட்டுப் புடவையைக் கொடுத்து, கட்டிக்கொண்டு வா என்றார்கள். உள்ளே போனவள் பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்தாள். கையில் அந்தப் புடவை, அன்றைக்கு அவன் வாங்கித் தந்த பாவாடை, வளையல், எல்லாம். வாயே திறக்கவில்லை அமலா. ஒவ்வொன்றாகக் கிருஷ்ணா வீட்டுத் தட்டில் வைத்தாள். மடிப்புக் கலையாமல் வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். உன் நாலு ஸ்குரூ கதையைத்தான் நினைத்திருப்பாள், கழுதை.

உன் மாமா என்னைப் பார்த்து, "நீ சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னேன். "இல்லை. ஆனா இனிமே சொல்லிக் குடுப்பேன்."

கிருஷ்ணா எழுந்து போய்விட்டான். உன் மாமா கதவைக் காட்டி, "வெளிய போனா திரும்பி வராத" என்றார். நான் ஒருநாளும் அவர் பேச்சை மீறியதில்லை. அதனால் போய்விட்டோம், திரும்பவும் போகவில்லை.

உன் மாமா டீச்சர் வீட்டு வாசலில் வந்து ஒருநாள் கத்தினார். டீச்சர் குடை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று போலீஸில் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அதற்கப்புறம் சத்தம் இல்லை. ரிசல்ட் வந்ததும் டி.சி.யைத் தானே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறாராம். அம்மா கையெழுத்து போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

குவார்ட்டர்ஸ் வேண்டாம். அரசாங்க வீடு, மீசை வாட்ச்மேன் என்று நான்தான் பயத்தில் உளறிக்கொண்டிருந்தேன். உன் ஒற்றை அறை போதும். வீட்டுக்காரர் ஏதாவது சொன்னால் நான் மராத்தியில் பேசிக்கொள்கிறேன், மறக்கவில்லை. கட்கி பஜாரில் ஏதாவது கடையில் எனக்கு வேலை கிடைக்காமலா போகும்? உனக்கும் ஜூனில் அவர்கள் வெல்கம் சொல்லாவிட்டால் என்ன, நாம் மூன்று பேரும் அந்தக் கருங்கல் கேட்டில் போய் நின்று கேட்போம். அது அவர் அப்பன் வீட்டுச் சொத்தா என்று நீதானே எழுதினாய்?

இருபத்து நாலாம் தேதி காட்பாடியில் பம்பாய் வண்டி ஏறுகிறோம். வண்டி கட்கியில் நிற்காது, தெரியும். பூனாவில் இறங்கி லோக்கல் பிடித்து வருகிறோம். வேலையைக் கெடுத்துக்கொண்டு பெரிய ஸ்டேஷனுக்கு வராதே, முடியும்வரை உன் பாட்டில்களைப் பார். கட்கி பிளாட்பாரத்தில் நின்றால் போதும்.

வரும்போது அந்த ஸ்குரூவை எடுத்து வா. வைஷுவுக்குப் பார்க்க வேண்டுமாம்.

ராஜி